ஒத்தக் கண்ணால பார்த்த போர்டு

ஆமாங்க தம்பி, நீங்க சரியாத்தான் படிச்சீங்க. 'சங்கரன்கோவில், நேத்து ரெண்டு சென்டிமீட்டர் மழை.' திருப்பூர்ல பனியன் கம்பெனி, தையல் ஹாலு, புரொடக்‌ஷன் போர்டு, அதுல சங்கரன்கோவில் மழை எதுக்குன்னு கேக்கறீங்க. வர்றவங்க எல்லாரும் கேக்கறதுதான். பொது அறிவுங்க. வேறொண்ணுமில்ல.

எங்க ஹெச்.ஆர். சுகிர்தா மேடம் மீட்டிங்ல இருக்குது. பத்தரை மணி டீ பெல் அடிக்கற வரைக்கும் வராது. நீங்க பல்லடம் மில்லுல இருந்து வந்திருக்கீங்கன்னும், வலிப்பு வர்றவங்களுக்குத் தொந்தரவு இல்லாம இங்க ஸ்கிரீனெல்லாம் எப்படி மாத்துனோம்னு கேட்டு எழுதிக்கிட்டுப் போகணும்னும் மேடம் காலையிலயே சொல்லிருச்சு. மேடத்துக்கிட்ட கேட்டா நாலு பக்கம் பேப்பர் குடுக்கும். அதுல எல்லாம் இருக்குது, நான் மட்டும் இல்ல. அதனால என்கிட்ட கேட்டுக்குங்க. மாத்துனது அத்தனையும் நான்தான்.

எம்பேரு சென்னியப்பன். ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். நூலு, ஊசி, பட்டன், ஜிப்பு, அத்தனை பீரோ சாவியும் என் இடுப்புலதான். பாருங்க, நாப்பத்தோரு சாவி. இருபத்தாறு வருசமா இந்தக் கொத்து வேலை நேரத்துல என் இடுப்பை விட்டு எறங்குனதில்ல. ஒரே ஒரு நாள் எறங்குச்சு. அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன்.

நாலு வருசத்துக்கு முந்தி மொதலாளி கோயமுத்தூர்ல ஒரு கண்காட்சிக்குப் போயிட்டு இந்த எல்.இ.டி. போர்டை வாங்கிக்கிட்டு வந்தாரு. எட்டடி நீளம். அப்ப இது இங்க இல்லீங்க. இப்ப பாருங்க, தண்ணி டேங்குக்குப் பக்கத்துல, ஆள் ஒசரத்துல, கோவிச்சுக்கிட்டு வந்த மாப்பிள்ளையாட்டம் ஓரமா நிக்குது. அப்ப இப்படி இல்ல. அதா அந்த வாசக்கதவு தெரியுதுங்களா, அதுக்கு மேல, ஹாலைப் பார்த்தாப்பல ஜம்முனு இருந்துச்சு. நூத்தறுபது மெஷின்ல யாரு தலையத் தூக்குனாலும் போர்டு. டீக்கு எந்திரிச்சாப் போர்டு. ஊட்டுக்குக் கெளம்புனாப் போர்டு. தப்பிக்கவே முடியாது.

எந்த லைன்ல எத்தனை பீஸ் முடிஞ்சுது, எத்தனை பாக்கின்னு அதுல ஓடும். ஒரு லைன் பின்தங்குச்சுன்னா போர்டு முச்சூடும் செகப்பா மின்னும். மாட்டுறதுக்கு வந்த கம்பெனிக்காரன் புஸ்தகம் ஒண்ணு குடுத்துட்டுப் போனான். அதை இந்தக் கம்பெனியில மொதப் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்ச ஒரே ஆளு நான். அதனால போர்டு என் கைக்கு வந்துருச்சு. பதினெட்டு எஃபெக்ட்டுங்க. மழை கொட்டறாப்பல எழுத்து விழும், கதவு தெறக்கறாப்பல விரியும், படபடன்னு மின்னும். வேகம் ஒண்ணுல இருந்து ஒம்போது வரைக்கும் வெக்கலாம். அந்தப் பையன் ரெண்டுல வெச்சுட்டுப் போயிருந்தான். மாட்டுவண்டி போறாப்பல இருந்துச்சு. நான் ஒம்போதுல தூக்கி வெச்சேன். கண்ணை மூடிக்கிட்டாலும் உள்ளார வெளிச்சம் அடிக்கும், அப்பேர்ப்பட்ட மின்னல்.

ஏன் அத்தனை வேகம்னு கேப்பீங்க. மின்னாமப் போனா எவன் பார்ப்பான்? இப்பிடி நெனச்சுப் பாருங்க. ஸ்டோர்ஸ்காரனை யாருங்க மதிப்பாங்க? ஊசி ஒடைஞ்சா எங்கிட்ட வருவாங்க. ஒடைஞ்ச துண்டு அத்தனையும் பொறுக்கிக் கொண்டாந்து குடுத்தாத்தான் புது ஊசி தருவேன், அது ரூலு, துணிக்குள்ளார துண்டு போயிருச்சுன்னா ஆர்டரே போயிரும். ஆனா அவிய என்னமோ என் சொத்தைக் கேட்டாப்பல மொகத்தைத் திருப்பிக்குவாங்க. இருபத்திரெண்டு வருசம் திருப்புன மொகத்தையே பார்த்த ஆளுங்க நான். போர்டு வந்தப்புறம் 'போர்டண்ணா, எம்பொறந்த நாளு நாளைக்கு'ன்னு வந்து நின்னாங்க. 'போர்டண்ணா, எங்க லைன் பேரை மழையாட்டம் போடுங்க'ன்னாங்க. எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. அதுல என்னங்க தப்பு.

அப்பத்தான் முத்துப்பேச்சி வந்துச்சு. சங்கரன்கோவில் பக்கம். இருபத்தஞ்சு வயசு இருக்கும். செக்கிங்ல போட்டாங்க. தைச்சு வர்ற பீஸைத் திருப்பிப் பார்த்து ஒரு தையல் விட்டிருந்தாலும் புடிச்சு வெளிய போடற வேலை. கெட்டிக்காரப் புள்ள, அதுல நான் ஒண்ணும் சொல்லலீங்க. அதுக்கு முந்தி செக்கிங்ல நாலு பேரு சேர்ந்து விட்டதையெல்லாம் இது ஒத்தையாப் புடிச்சுது. ஆனா வந்த மொத நாளே ஒரு காரியம் பண்ணுச்சு. செக்கிங் டேபிளைத் திருப்பிப் போட்டுக்கலாமான்னு சூப்பர்வைசர் துரைசாமிகிட்ட கேட்டு, போர்டுக்கு முதுகைக் காட்டி நின்னுக்கிச்சு. சரி, அது அதோட வசதி. டீ பெல் அடிச்சுது. எல்லாரும் எந்திரிச்சு வாசலுக்குப் போறாங்க. இந்தப் புள்ள மட்டும் உள்ளங்கையால ஒரு கண்ணை நல்லா அழுத்திப் பொத்திக்கிட்டு, எம்போர்டுக்குக் கீழ குனிஞ்ச தலை நிமிராமப் போகுது. திரும்பி வர்றப்ப போர்டு அதும் முதுகுக்குப் பின்னால. அப்பக் கண்ணைத் தெறந்துக்கிட்டு வருது. மத்தியானம் சோத்துக்கும், சாயந்தரம் டீக்கும் போறப்பவும் பொத்திக்கிச்சு. பொழுதோட கம்பெனி ஹாஸ்டலுக்குப் போறப்பவும் பொத்திக்கிச்சு.

மெட்ராஸ் ஐன்னு நெனச்சேன். நல்லதுக்குத்தான், பக்கத்துல இருந்த நாலு பேருகிட்ட மட்டும் தள்ளி நில்லுங்கன்னேன். அவிய அரை ஹாலுக்குச் சொல்லிட்டாங்க. ஒரு வாரம் யாரும் அந்தப் புள்ளைகூட உக்காந்து சாப்பிடலையாம். அது எனக்கு அப்பத் தெரியாதுங்க. ஒரு வாரத்துல மெட்ராஸ் ஐயின்னாச் சரியாகிருக்கணும், ரெண்டு மாசம் ஆகியும் பொத்தறது நிக்கல. அப்ப இது எம்போர்டைப் பண்ற கிண்டல்னு முடிவுக்கு வந்துட்டேன். நூத்தறுபது பேரு பார்க்கறாங்க, ஒருத்திக்கு மட்டும் பார்க்கப் புடிக்கலையாமா?

ஒரு நாள் நிறுத்தியே கேட்டேன். "ஏன் கண்ணு, எம்போர்டு உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

"கண்ணு கூசுது அண்ணாச்சி. கொஞ்சம் மெதுவா மின்னச் சொல்லக் கூடாதா?"

அண்ணாச்சியாமா. இங்க யாருங்க அண்ணாச்சி? மளிகைக் கடை வெச்சிருக்கறவங்களத்தான் நாங்க அப்படிக் கூப்புடுவோம். அது ஒரு கோவம். போர்டைக் கொறை சொன்னது இன்னொரு கோவம். "கூசுனாத்தான் அது போர்டு, கூசலைன்னா கரும்பலகை"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அப்ப அந்த பதிலு எனக்கே ரொம்பப் புடிச்சிருந்துச்சு. போற வழியெல்லாம் எனக்குள்ளயே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கிட்டேன்.

அப்புறம் ஆடி மாசத்துல ஒருக்கா வந்துச்சு. "அண்ணாச்சி, மின்னுறத நிப்பாட்டிட்டு எழுத்தை மட்டும் விடுங்களேன். எனக்கு ஆகாது அண்ணாச்சி." ஆகாதுன்னா என்ன அர்த்தம்? மாமியா மருமகளுக்கு ஆகாதும்பாங்களே, அந்த ஆகாதுன்னு எடுத்துக்கிட்டேன். வெளிச்சத்தையும் ரெண்டு பாயிண்ட் கூட்டி வெச்சேன். இன்னொரு நாள் ஸ்டோர்ஸ்க்கே வந்து நின்னுச்சு. நூல் வெட்டற கத்திரி மாத்த வந்தாப்பல வந்து, கத்திரியை வாங்கிக்கிட்டும் போகல. "ஒரு விசயம் சொல்லணும் அண்ணாச்சி, தனியா." அன்னிக்கு எனக்கு ஸ்டாக் எண்ணற வேலை. "அப்புறம் வா கண்ணு"ன்னேன். அப்புறம் அது வரல, நானும் கூப்புடல. கணக்குக்குச் சேர்த்தா மூணு தடவை. அந்த மூணை மறந்துராதீங்க, அப்புறம் வரும்.

நான் சும்மா இருக்கற ஆளு இல்லைங்களே. மேடத்துக்கு ஒரு கடுதாசி எழுதுனேன். 'செக்கிங் பிரிவில் பணிபுரியும் முத்துப்பேச்சி என்பவர் கம்பெனி உடைமையாகிய மின்னணுப் பலகையை நாள்தோறும் நான்கு முறை அவமதித்து வருகிறார்.' நாலு முறைன்னு எண்ணித்தான் எழுதுனேன். மேடம் படிச்சுட்டு, "அண்ணா, இதை நான் பத்திரமா வெச்சுக்கறேன்"னு மேஜை டிராயர்ல போட்டுருச்சு. அது சிரிப்பை அடக்கிக்கிட்டுச் சொன்னதுன்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது.

அந்த வருசம் ஆயுத பூசை முடிஞ்ச அடுத்த வாரம் ஜெர்மனியில இருந்து பையர் வர்றதா இருந்துச்சு. பையரம்மா. பேரு உர்சுலாவாம். அந்த அம்மா சரின்னாத்தான் எங்களுக்கு அடுத்த வருச ஆர்டரு. வரவேற்பு எப்பவும் என் பொறுப்பு, ஏன்னா சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு, ஆரத்தித் தட்டு எல்லாம் ஸ்டோர்ஸ் பீரோவுலதான் இருக்குது. போர்டுல 'வருக வருக'ன்னு போட்டு, பதினெட்டு எஃபெக்ட்டையும் ஒண்ணுபின்னால ஒண்ணா ஓட விட்டு, கடைசியில செகப்பும் வெள்ளையும் மாறி மாறி மின்னறாப்பல செட்டிங் பண்ணேன். மூணு நாள் வேலைங்க அது.

ஆரத்தி எடுக்க ரெண்டு புள்ளைங்க வேணும். ஒண்ணு தங்கமணி, பேக்கிங்ல இருக்கறது. இன்னொண்ணுக்கு முத்துப்பேச்சின்னு எழுதிக் குடுத்தேன். மங்களகரமான மொகம், அதனாலதான். சரி, உங்ககிட்ட எதுக்குங்க மறைக்கணும். ரெண்டு கையிலயும் தட்டு இருந்தாக் கண்ணைப் பொத்த முடியாதில்ல, அதனாலதான். ஒரு நாளாவது எம்போர்டை ரெண்டு கண்ணாலயும் பார்க்கட்டும்னு ஒரு ஆசை. அவ்வளவுதானுங்க.

"நான் வேண்டாம் அண்ணாச்சி, வேற ஆளப் போடுங்க"ன்னுச்சு. "ஏன்?"னு கேட்டேன். துரைசாமி பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தான். அது அவனைப் பார்த்துச்சு, என்னைப் பார்த்துச்சு. "சரி அண்ணாச்சி"ன்னு போயிருச்சு. நான் ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன்.

அந்த அம்மா வந்துச்சு. ஒசரமா, நரைச்ச தலை, வெள்ளைச் சட்டை, கழுத்துல ஒரு சால்வை. மொதலாளி முன்னால வர்றாரு, மேடம் பின்னால வருது. வாசக்கதவுக்குள்ளார காலை வெச்சதும் நிறுத்தி ஆரத்தி. நான் இடுப்புக் கொத்துல இருந்த ரிமோட்டை அமுக்குனேன். ஆமாங்க, போர்டு ரிமோட்டும் தொலைஞ்சு போகக் கூடாதுன்னு சாவிக்கொத்துலயே கோத்து வெச்சிருந்தேன். போர்டு பொறி பறக்குது. அப்பத்தான் எனக்கு ஒண்ணு ஒறைச்சுது. போர்டு வாசக்கதவுக்கு மேல இருக்குது. அந்த அம்மா வாசக்கதவுக்குக் கீழ நிக்குது. தன் தலைக்கு மேல நடக்கறது அதுக்கு எப்படித் தெரியும்? மூணு நாள் வேலை பார்த்தேன், பையரம்மா போர்டுக்கு முதுகைக் காட்டி நிக்குது. போர்டுக்கு நேர் எதுக்க நிக்கறது ஆரத்தித் தட்டோட முத்துப்பேச்சிதான்.

தட்டு ஒரு சுத்து வந்துச்சு. ரெண்டாவது சுத்துல பாதியில நின்னுச்சு. புள்ளை மொகத்துல மின்னல் விழுந்து விழுந்து எந்திரிக்குது. கண்ணு ஒரு பக்கமாப் போச்சு. தட்டு விழுந்து, செகப்புத் தண்ணி முச்சூடும் அந்த அம்மா வெள்ளைச் சட்டையில. புள்ளை அப்படியே சாஞ்சு கீழ விழுந்து கையும் காலும் வெட்டி இழுக்குது.

"சாவி, சாவி, சென்னியப்பண்ணன் சாவி"ன்னு நாலு பக்கமும் கத்தறாங்க. வலிப்பு வந்தா இரும்பு குடுக்கணும், அது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதுதானுங்களே. இந்தக் கம்பெனியில என்னை விட எச்சா இரும்பு யாருகிட்ட இருக்குது? ஓடிப் போய்க் கொத்தைக் கழட்டி அந்தப் புள்ளை கையில வெச்சு, வெரலை மடக்கி இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன். ரெண்டு பேரு காலைப் புடிச்சாங்க. அந்த ஜெர்மன் அம்மா மண்டி போட்டு உக்காந்து எல்லாரையும் தள்ளிவிட்டுச்சு. சால்வையைச் சுருட்டித் தலைக்குக் கீழ வெச்சுது. வாட்சைப் பார்த்துச்சு. அப்புறம் நிமிந்து மேல போர்டைப் பார்த்துச்சு. அப்பாடா, கடைசியில பார்த்துருச்சுன்னு எனக்கு ஒரு நெனப்பு வந்துச்சுங்க. இதச் சொல்ல எனக்கே வெக்கமா இருக்குது. ஆனா வந்துச்சு.

அந்த அம்மா கையை நீட்டி, "ஆஃப், ஆஃப்"ங்குது. மேடம், "அண்ணா, போர்டை நிறுத்துங்க"ன்னு கத்துது. நிறுத்தறேன், ரிமோட் எங்க? சாவிக்கொத்துல. சாவிக்கொத்து எங்க? அந்தப் புள்ளை கையில. சரி, மெயின் சுவிட்ச் ரூமுக்குப் போயி நிறுத்தலாம்னா அது பூட்டியிருக்குது, அந்தச் சாவி எங்க? அதுவும் அந்தப் புள்ளை கையில. நான் வெச்சு இறுக்குன கொத்தை நானே உருவப் பார்க்கறேன், வர மாட்டேங்குது. மேல போர்டு படபடபடன்னு 'வருக வருக'ன்னு மின்னுது. கீழ நான் ஒவ்வொரு வெரலாப் பிரிக்கறேன். என் வாழ்க்கையில அத்தனை நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லைங்க.

ஒரு வழியா உருவி ரிமோட்டை அமுக்குனேன். போர்டு செத்துச்சு. கொஞ்ச நேரத்துல இழுப்பு நின்னுச்சு. அந்த அம்மா புள்ளையை ஒருக்களிச்சாப்பல திருப்பிப் படுக்க வெச்சுது. இன்னிக்கு வரைக்கும் மேடம் சொல்லுது, கையில வாயில எதையும் திணிக்கக் கூடாது, ஆளைப் புடிச்சு அமுக்கக் கூடாது, பக்கத்துல இருக்கறதை நகர்த்திட்டு, நேரத்தைப் பார்த்துக்கிட்டு, ஒருக்களிச்சுப் படுக்க வெக்கணும்னு. சுவத்துல ஒட்டியிருக்குது பாருங்க, ஒட்டுனதும் நான்தான். ஆனா தம்பி, நீங்களே சொல்லுங்க. சாவி குடுத்தேன். கொஞ்ச நேரத்துல தெளிஞ்சுது. நடுவுல போர்டை நிறுத்துனேன், அது வேற விசயம். இரும்பு வேலை செய்யறதுக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும்னுதான் நான் நெனைக்கறேன். மேடத்துக்கிட்ட இதச் சொல்லிராதீங்க.

புள்ளை கண்ணு முழிச்சு, சுத்தி நிக்கறவங்களையெல்லாம் பார்த்துட்டு, என்னைப் பார்த்துச்சு. "தட்டு நெளிஞ்சிட்டா அண்ணாச்சி?"ன்னு கேட்டுச்சு. அந்த உள்ளங்கையில என் சாவிப் பல்லு அத்தனையும் பதிஞ்சு செவந்து கெடந்துச்சு. எனக்குப் பொக்குனு போச்சுங்க.

மறுநாள் மொதலாளி ரூம்ல கூட்டம். மொதலாளி, மேடம், துரைசாமி, முத்துப்பேச்சி, நான். அதோட பெட்டி ஏற்கெனவே ஹாஸ்டல் வாசல்ல கட்டி வெச்சிருந்துச்சு. துரைசாமி ஃபாரத்தை எடுத்து நீட்டுறான். "நோவு ஏதும் உண்டான்னு கேட்டதுக்கு இல்லைன்னு எழுதியிருக்குதுங்க. பொய் சொல்லிச் சேர்ந்த ஆளை எப்படிங்க வெச்சுக்கறது?" மொதலாளி கெட்டவரில்ல. "பாவம், ஊருக்குப் போயி ரெஸ்ட் எடுக்கட்டும்"னாரு. ஊருக்குப் போன்னா வேலை இல்லைன்னு அர்த்தம், அத அழகாச் சொல்றாரு.

அந்தப் புள்ளை அழுவல. நின்னுக்கிட்டே சொல்லுச்சு. "பதிமூணு வயசுல இருந்து இருக்கு சார். மாத்திரை ஒரு நாளும் விட்டதில்ல. படபடன்னு மின்னுற வெளிச்சத்தப் பார்த்தா மட்டுந்தான் எனக்கு வரும். ரெண்டு கண்ணையும் மூடுனாலும் இமை வழியா உள்ள வந்துரும், ஒரு கண்ணைக் கையால நல்லாப் பொத்திக்கோன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இதுக்கு முந்தி இருந்த கம்பெனில உண்மையைத்தான் எழுதுனேன். அன்னைக்கே பஸ் ஏத்தி விட்டுட்டாங்க. அதான் இங்க எழுதல. ஆனா அண்ணாச்சிகிட்ட மூணு தடவ சொல்லப் பார்த்தேன்."

எல்லாரும் என் பக்கம் திரும்புனாங்க. "அப்படியா சென்னியப்பா? சொல்லுச்சா?"ன்னாரு மொதலாளி.

இல்லைன்னு ஒரு வார்த்தை. யாருக்குத் தெரியும்? அது சொன்னப்ப பக்கத்துல ஒரு ஈ காக்கா இல்ல. நான் இருபத்திமூணு வருசத்து ஆளு, அது ஒம்போது மாசத்து ஆளு. இல்லைன்னா எம்போர்டு அங்கயே இருக்கும், அது பஸ் ஏறிரும். நிமிந்து பார்த்தேன். அந்த ரூம்ல போர்டு இல்லைங்களா, அந்தப் புள்ளை என்னை நேரா ரெண்டு கண்ணாலயும் பார்த்துக்கிட்டு நிக்குது. ஒம்போது மாசமா ஒரு கையைத்தான் பார்த்திருக்கேனே ஒழிய, அந்த மொகத்தை முழுசா நான் பார்த்ததே இல்லைங்க. என் மகள் ஒருத்தி ஓசூர்ல வேலைக்குப் போறா. அங்க எவன் கிட்ட இப்படி மூணு தடவை சொல்லிக்கிட்டு நிக்கறாளோன்னு ஒரு நெனப்பு வந்துச்சு.

"ஆமாங்க, சொல்லுச்சு. நான்தான் காதுல வாங்கல. ஆரத்திக்கு வேண்டாம்னும் சொல்லுச்சு. கண்ணைப் பொத்த முடியாதபடிக்கு நான்தான் தட்டைக் குடுத்து நிறுத்துனேன்"னேன்.

மொதலாளி கண்ணாடியைக் கழட்டித் தொடச்சாரு. "அப்ப யாரை ஊருக்கு அனுப்பறது, நீயே சொல்லு"ன்னாரு.

"போர்டைக் கழட்டிரலாமுங்க"ன்னேன். சொல்லிட்டுக் கொத்துல இருந்து ரிமோட்டை மட்டும் கழட்டி மேஜை மேல வெச்சேன்.

அதுக்கு அந்தப் புள்ளை என்ன சொல்லுச்சு தெரியுங்களா? "கழட்ட வேண்டாம் சார். மின்னாம இருந்தாப் போதும். எங்க லைன் எத்தனை பீஸ் முடிச்சிருக்குன்னு எனக்கும் பாக்கணும்லா?"

ஒம்போது மாசமாப் பார்க்கணும்னு ஆசைப்பட்டது நான் மட்டுமில்லைன்னு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

எழுதிக்கிட்டிருக்கீங்களா? இனிமேத்தான் உங்களுக்கு வேண்டியது. ஒரு செகண்டுல மூணு தடவைக்கு மேல எதுவும் மின்னக் கூடாதுங்கறது ரூலு. எங்க போர்டுல மூணு என்ன, ஒண்ணு கூடக் கெடையாது. செகப்பு மொத்தமா ஒழிஞ்சுது. லைன் பின்தங்குனா அந்த வரி மஞ்சளா மாறி அசையாம நிக்கும். வெளிச்சம் பாதி. நடக்கற வழிக்கு நேரா இருக்கக் கூடாதுன்னு இங்க கொண்டாந்து மாட்டுனோம். வேணுங்கறவங்க வந்து பார்க்கலாம், வேண்டாதவங்க தலை மேல போய் விழக் கூடாது. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அதிர்ற பழைய மானிட்டர் ஆறு இருந்துச்சு, தூக்கியாச்சு. கண்ணுல அடிக்காம இருக்க மத்ததுக்கெல்லாம் மேல ஒரு சீட்டு ஒட்டியாச்சு. துடிக்கிற டியூப் லைட்டு அத்தனையும் மாத்தியாச்சு. மின்னுதான்னு நம்ம கண்ணுக்குத் தெரியலைன்னா செல்போன்ல மெதுவா ஓடற வீடியோ எடுத்துப் பார்த்து எண்ணலாம். இன்னொண்ணு, இது சத்தியமா நானே கண்டுபுடிச்சது. லைட்டுக்குக் கீழ ஃபேன் ஓடுச்சுன்னா றெக்கை வெளிச்சத்தை வெட்டி வெட்டி விடும், டேபிள் மேல மின்னறாப்பலயே இருக்கும். செக்கிங் டேபிள்ல பார்த்தேன். ஃபேனை நகர்த்துனேன். அது மேடம் பேப்பர்ல மூணாம் பக்கம் இருக்குது, எம்பேரில்லாம.

பழக்கம் விட மாட்டேங்குதுங்க. போன தை மாசம் சம்பந்தி ஊட்டுக் கல்யாணத்துல மண்டபத்து வாசல்ல சீரியல் செட் மின்னிக்கிட்டிருந்துச்சு. செல்போனை எடுத்து எண்ணுனேன். செகண்டுக்கு ஆறு. சுவிட்சைத் தேடிப் போயி நிறுத்திட்டேன். முகூர்த்த நேரத்துல கரண்ட் போயிருச்சுன்னு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க ஒரே ரகளை. எங்க ஊட்டம்மா ஒரு வாரம் எங்கூடப் பேசல. நான் எங்காவது ரொம்பப் பெருமை பேசுனா மேடம் மேஜை டிராயரை லேசா இழுக்கும். உள்ள அந்தக் கடுதாசி இருக்குது. நானும் பேச்சை நிறுத்திக்குவேன்.

ஃபாரத்தையும் மாத்திட்டாங்க. நோவு உண்டான்னு கேக்கறதில்ல. 'உங்களுக்காக இங்கே எதையாவது மாற்ற வேண்டுமா?'ன்னு கேக்கறோம். மொத மாசத்துலயே ஏழு பேரு எழுதுனாங்க. இத்தனை பேரும் அத்தனை வருசமா எதை எதைப் பொத்திக்கிட்டு நடந்தாங்களோ.

ஆனா ஒண்ணு தம்பி, கொறைதான். மின்னாத போர்டை யாரும் பார்க்கறதில்ல. நீங்க வந்து அரை மணி நேரமாச்சு, யாராவது திரும்புனாங்களா? 'போர்டண்ணா'ங்கற பேரும் போச்சு. நேத்து வேணும்னே 'நாளை கம்பெனி விடுமுறை'ன்னு பொய்யாப் போட்டுப் பார்த்தேன், ஒருத்தர் வந்து கேக்கல. ஒரே ஒரு ஆளு தவிர. அது தினமும் பத்தரை மணி டீக்கு எந்திரிச்சு, தண்ணி குடிக்க வந்து, இந்த எடத்துல நின்னு, மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு எழுத்து விடாமப் படிக்கும். இப்ப அது செக்கிங் சூப்பர்வைசருங்க. நேத்துப் படிச்சுட்டு, "துரைசாமி அண்ணன் பார்த்தா அண்ணாச்சியத்தான் பஸ் ஏத்துவாரு"ன்னுட்டுப் போச்சு. நான் புதுசா ஒண்ணும் போடாம பழசையே விட்டிருந்தேன்னு வைங்க, என்னைப் பார்த்து உள்ளங்கையால ஒரு கண்ணைப் பொத்திக் காட்டிட்டுச் சிரிச்சுக்கிட்டே போகும். இன்னும் எம்போர்டைக் கிண்டல் பண்றதை விடல பாருங்க.

அதனாலதான் காலையில செல்போன்ல எந்தெந்த ஊர்ல எத்தனை மழைன்னு பார்க்கறேன். எந்தெந்த ஊர்லன்னா, ஒரு ஊர்லதான். அங்க அவங்கம்மா பருத்தி போட்டிருக்குதாம், மழைக்குத்தான் காத்துக்கிட்டிருக்குதாம். சொன்னேனில்லைங்க, பொது அறிவு.

பெல் அடிக்குது. தண்ணி குடிக்க வருது பாருங்க.

சித்த இப்படி நகர்ந்துக்குங்க தம்பி, போர்டை மறைக்கறீங்க.